முப்பத்தெட்டு ஸ்லைடும் தோளில் ஒரு கையும்

ஹலோ... ஹலோ, கேக்குதா... நான்தாம்மா பேசறேன். எடை மெஷின் கம்பெனி, மேனேஜர்... ஆமா, பழைய மேனேஜர். ரிடையராகி ஆறு வருஷமாச்சு, இன்னும் வாயில அப்படித்தான் வருது. என் குரல் மறந்துடுச்சா உங்களுக்கு? இருபத்திரெண்டு வருஷம் நான் சொல்லச் சொல்ல லெட்டர் அடிச்சவங்க... ஓ, காது அடைச்சிருக்கா. ஜலதோஷமா. சரி, சரி. நான் கூப்பிட்டது ஒரு அவசரம். அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு எடுத்தாகணும். இப்ப மணி மூணே முக்கால்.

...இல்லம்மா, ஆஸ்பத்திரி எல்லாம் இல்ல. சாஃப்ட்வேர்.

...சாஃப்ட்வேர்மா. ஸ்லைடு போடறதுக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம பழைய ஊழியர் சந்திப்பு இருக்கில்ல... ஆமா, நான் கூட்டினதுதான். வேற யாரு கூட்டுவா? அறுபது பேருக்கு ஹால் பிடிச்சிருக்கேன். அழைப்பு வந்துச்சில்ல... வந்துச்சு. பாத்தீங்க. பதில் போடல. பரவால்ல, யாருமே போடல. வர்றவங்க எதுக்குப் பதில் போடணும், நேரா வந்துடுவாங்க. அப்படித்தானே...

...இருங்க, அதை அப்புறம் சொல்லுங்க. முதல்ல நான் கேக்கறதுக்கு வழி சொல்லுங்க. ரெண்டு சாஃப்ட்வேர் இருக்கு. ஒண்ணு காசு கட்டறது, ஒண்ணு இலவசம். காசு கட்டறதைப் பதினஞ்சு நாள் சும்மா பயன்படுத்திப் பாருங்கன்னு குடுத்தாங்க. அந்தப் பதினஞ்சு நாள் இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. அதுக்கு மேல கட்டினா உண்டு, இல்லேன்னா இல்ல.

...உங்களுக்கு என்ன தெரியும்னா எப்படி? என் ஸ்லைடு பூரா போட்டது நீங்கதானே. நான் ‘அடுத்தது’ன்னு சொல்லுவேன், நீங்க தட்டுவீங்க... ஆமா, அதைத்தான் சொல்ல வந்தேன், எனக்கே வெக்கமாப் போச்சு. முதல் நாள் லேப்டாப்பைத் திறந்து வெச்சுட்டு ‘அடுத்தது’ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன். நகரல. கொஞ்சம் சத்தமாவும் சொல்லிப் பாத்தேன். வீட்ல வேற ஆளில்ல, யாரு தட்டுவா? அப்புறம்தான் அந்த அம்புக்குறி பட்டனைக் கண்டுபிடிச்சேன்.

...என் வீட்டுக்காரியா? அவ எங்க பொண்ணு வீட்ல இருக்கா. பேரன் பொறந்திருக்கான், மூணு மாசம் இருந்துட்டு வரேன்னு போனா... இப்ப அவன் ஸ்கூலுக்குப் போறான். வருவா, வருவா. கூப்பிட்டா, ‘உங்களுக்கு அங்க என்ன குறை’ன்னு கேக்கறா. இதுதான் குறைன்னு ஒண்ணைக் கை நீட்டிக் காட்ட முடியல.

சரி, விஷயத்துக்கு வரேன். காசு கட்டறதுல ஒவ்வொரு ஸ்லைடும் நாடகத்துல திரை விலகற மாதிரி விலகும். எக்காளம் ஊதும்... எக்காளம்மா. வேண்டாம்னா நிறுத்திக்கலாம், நான் நிறுத்தல. தலைப்புக்கு அது வேணும். ‘தலைமைப் பண்பு: ஓர் ஆளுமையின் முப்பத்திரண்டு ஆண்டுகள்’... எந்த ஆளுமையா? என்னம்மா கேள்வி இது... சிரிக்கறீங்களா? இருமலா. சரி.

இலவசம் அடக்கமா இருக்கு. எழுத்து வைக்கலாம், படம் வைக்கலாம், நகரும். ஆனா ஒவ்வொரு ஸ்லைடுலயும் கீழ் மூலையில ‘இலவசப் பதிப்பில் தயாரிக்கப்பட்டது’ன்னு ஒரு வரி வருது. அழிக்க முடியாது. மேல ஓர் ஆளுமை, கீழ இலவசப் பதிப்பு. எப்படி இருக்கும் பாருங்க... பொருத்தமா இருக்குமா? முன்ன எல்லாம் நீங்க இப்படிப் பேச மாட்டீங்களே... சம்பளம் வாங்கினப்ப பேசலையா. ம்.

நான் காசு கட்டலாம்னு நினைக்கறது எக்காளத்துக்காக இல்லம்மா. படத்துக்காக. நம்ம செய்தி மடல்ல வந்த படத்தை எல்லாம் ஏத்தி, முப்பத்தெட்டு ஸ்லைடு, வரிசையா ஓட்டிப் பாத்தேன். நான் மட்டும் நிக்கறேன். புது மெஷின் வெளியீடு, நான். ஆண்டு விழா, நான். அருவிக்குப் போனோமே, ஒரு பஸ் நிறைய ஆளு, ஞாபகம் இருக்கா? அருவிக்கு முன்னாடி நான். மத்தவங்க எல்லாம் எங்கம்மா போனாங்க?

...வெட்டினீங்களா? யாரைக் கேட்டு வெட்டி... நானா? நான் எப்ப... சர்க்குலரா... வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கா? சொல்லுங்க பாப்போம்... ‘செய்தி மடலில் வெளியாகும் நிழற்படங்களில் கிளை மேலாளரின் உருவம் தெளிவாகவும் தனித்தும் அமைதல் வேண்டும்.’ ம். என் நடைதான். ‘தனித்தும்’னு வேற போட்டிருக்கேன். வெட்டின மிச்சம் எங்க... குப்பைக்கு. ஆமா, வேற எங்க போகும்.

அதனாலதான் சொல்றேன். காசு கட்டறதுல ஒரு வசதி இருக்கு. படத்துல இல்லாததை அதுவே யோசிச்சு நிரப்பிக் குடுக்குது... நெஜமாத்தான். அருவிப் படத்துல ரெண்டு பக்கமும் ஏழு பேரை வெச்சுது. எல்லாருக்கும் நல்ல பல்லு... யாரு அவங்கன்னா? யாருமில்ல. இல்லாத ஆளுங்க. ஆனா என்னைப் பாத்து எவ்வளவு பிரியமா சிரிக்கறாங்க தெரியுமா. நம்ம ஆளுங்க யாரும் என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல... சிரிச்சதில்லையா. சரிதான்.

ஒரே ஒரு படம்தான் இடிக்குது. பதினொண்ணாவது ஸ்லைடு. தரத்துக்கான கேடயம் வாங்கிட்டு நிக்கறேன். என் தோள் மேல ஒரு கை. கை மட்டும். மணிக்கட்டோட வெட்டியிருக்கீங்க... குத்தம் சொல்லலம்மா. அந்தக் கைக்கு சாஃப்ட்வேர் ஒரு ஆளைக் குடுத்துச்சு, டை கட்டின ஆளு. நம்ம ஆபீஸ்ல டை கட்டினது நான் ஒருத்தன்தான். அதனால தப்புன்னு தெரியுது. சரியான ஆள் யாருன்னுதான் வரல. என் தோள்ல கை போடற தைரியம் யாருக்கு இருந்திருக்கும்?... கட்டை விரலா? பாக்கறேன்... ஆமா, நகம் பாதிதான் இருக்கு... யாரு... கால் கிராமா!

ஆமா, ஆமா. டெஸ்டிங்ல இருந்தாரே. கால் கிராம் கூடினாலும் மெஷினைத் திருப்பி அனுப்பற மனுஷன். ...என்னது, கேடயம் அவருக்கா வந்தது? யாரு சொன்னா... எல்லாருக்கும் தெரியுமா. மேடையில கிளைப் பேரைத்தான் சொன்னாங்க. நான் கிளை மேலாளர், நான் எழுந்து போனேன். அவர் கை தட்டிட்டே மேல வந்து தோள்ல கையைப் போட்டார். இப்ப ஞாபகம் வருது... தோளைக் குலுக்கி அவர் கையை விலக்கினேனா? அது கேமராவுக்காகம்மா, நேரா நிக்கணும்னு... சரி, அவர் நம்பர் குடுங்க. நானே பேசறேன். நாளைக்கு அவரை முதல் வரிசையில உக்கார வெச்சு, அந்த ஸ்லைடு வரும்போது...

...எப்ப?

...அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சா.

...இல்லம்மா, எனக்கு யாரும் சொல்லல. போனும் வரல, கடுதாசியும்... குரூப்புல போட்டீங்களா. எந்தக் குரூப்பு? நான் ஒரு குரூப்புலயும்... ஓ.

...எத்தனை பேர் அதுல? நாப்பத்தேழு. வாட்ச்மேன் கூட இருக்காரா... இல்ல, இல்ல, எனக்கென்ன வருத்தம். மேலாளர் ஒரு தூரத்துல இருக்கறதுதான் முறை. ஆறாவது ஸ்லைடுல அதையே போட்டிருக்கேன். குரூப்புக்கு என்ன பேரு... சும்மா சொல்லுங்க... நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்... ‘இன்னிக்கு சார் லீவு.’

...

...இருக்கேன். லைன்லதான் இருக்கேன். நல்ல பேரு. யாரு வெச்சது... கால் கிராமா. அவர் அளவு எப்பவும் சரியாத்தான் இருக்கும்.

...சொல்லுங்க. முதல்லருந்தே என்னமோ சொல்ல வரீங்க, நான்தான் விடல... நாளைக்கா... ஒருத்தர் கூடவா? டிரைவர்? பதினெட்டு வருஷம் என் கார் ஓட்டினார்... அவருமா. எல்லாருக்கும் அன்னிக்கு வேலை வந்துடுச்சா... எல்லாரும் உங்க வீட்டுக்கா வர்றாங்க?

...மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை. உங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுலருந்து. எனக்கு ஆபரேஷனே தெரியாதும்மா. ...என்ன பண்ணுவீங்க எல்லாரும்? சும்மாவா? நிகழ்ச்சி நிரல் எதுவும் இல்லாம எப்படிப் பேசுவீங்க... தானா வருமா பேச்சு. பத்து மணிக்கு. நான் வெச்ச அதே பத்து மணி. வேணும்னு வைக்கலம்மா, எனக்கு எப்படித் தெரியும்... இல்ல, நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களை எதுக்குத் திட்டப் போறேன். இதை எங்கிட்ட யாரு சொல்றதுன்னு தெரியாம உங்க தலையில கட்டிட்டாங்க. பழைய பழக்கம். எங்கிட்ட கெட்ட சேதி எல்லாம் நீங்கதான் கொண்டு வருவீங்க.

ஹாலை விட்டுடலாம். அது ஒண்ணும் பெரிசில்ல.

ஒண்ணு கேக்கலாமா. ஆபீஸ் விஷயம் இல்ல.

...நான் வரலாமா? உங்க வீட்டுக்கு. நாளைக்கு.

...புரியுது. நீங்க ஒருத்தரா முடிவு பண்ண முடியாது. குரூப்புல கேக்கணும். கேளுங்களேன்... இப்பவே கேளுங்க, போனை வெக்க வேண்டாம், நான் லைன்லயே இருக்கேன். எனக்கு வேற வேலை இல்லம்மா.

...என்னன்னு போட்டீங்க? ‘சார் நாளைக்கு வரலாமான்னு கேக்கறார்.’ அவ்வளவுதானா? ‘பணிவுடன்’னு ஒரு வார்த்தை முன்னாடி... வேண்டாமா. சரி. பாத்தாங்களா யாராவது... ஒன்பது பேர். என்ன சொல்றாங்க... ஒண்ணும் சொல்லல.

...

...இப்ப? பதினாலு பேர். அக்கவுண்டன்ட் எழுதறாரா. நிறுத்திட்டாரா. மறுபடி எழுதறாரா. அவர் கூட்டல் போட்டாலும் அப்படித்தான், மூணு தடவை அழிப்பார்.

இருங்க, எனக்கு இன்னொரு கால் வருது. அந்த சாஃப்ட்வேர் கம்பெனி. முடிவை அஞ்சு மணிக்குள்ள கேப்போம்னு சொன்னாங்க. ஒரு பொண்ணு பேசும். ‘சார், உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்’னு ஒவ்வொரு தடவையும் சொல்லும். நாலு தடவை கூப்பிட்டிருக்கு. சாஃப்ட்வேர்ல எனக்குச் சந்தேகம் ரெண்டுதான் இருந்துச்சு, மிச்சத்தை நானா உண்டாக்கினேன்... இல்ல, எடுக்கல. அடிக்கட்டும். நீங்க குரூப்பைப் பாருங்க.

...என்ன எழுதியிருக்கார்? படிங்க... முழுசாப் படிங்க, எனக்காக எதையும் வெட்ட வேண்டாம்... ‘வரட்டும். ஸ்லைடு கொண்டு வரக் கூடாது. ஒண்ணு கூட.’

...அதுக்குக் கீழ எத்தனை பேர் கட்டை விரல் போட்டிருக்காங்க? இருபத்தொண்ணு. இருபத்திமூணா. என் அழைப்புக்கு ஒண்ணு கூட விழல.

...முப்பத்தெட்டு வேண்டாம்மா, பதினஞ்சு மட்டும்னு கேட்டுப் பாருங்களேன். எக்காளத்தை நிறுத்திடறேன்... அஞ்சு? அந்தக் கை இருக்கற படம் ஒண்ணு மட்டும்... சரி. சரி, கேக்கல. வெறுங்கையோட வரேன். அப்ப காசு கட்டறதும் வேண்டாம், இலவசமும் வேண்டாம். ரெண்டையும் மூடிடறேன். மூடறது எப்படின்னு மட்டும் நல்லாத் தெரியும்.

வழி சொல்லுங்க. எழுதிக்கறேன்... பஸ் டிப்போவுக்குப் பின்னாடி. தையல் கடைச் சந்து, இடது கைப் பக்கம், பச்சை கேட்டு. அந்த இடம் எனக்குத் தெரியுமே, தினமும் ஆபீஸுக்கு அப்படித்தானே கார்ல வருவேன்... நீங்களா? அங்கயா நிப்பீங்க, பஸ் ஸ்டாப்புல? இருபத்திரெண்டு வருஷமுமா... கை காட்டினீங்களா ஒரு தடவை. மழையில.

...பேப்பர் படிச்சிட்டு வருவேன்மா. கண்ணாடி ஏத்தியிருக்கும்... இல்ல. சாக்குச் சொல்லல.

...நான் உள்ள வந்தா யாரும் எழுந்து நிக்க மாட்டாங்களே... மாட்டாங்களா. நல்லது. நான் எங்க உக்கார்றது... ஓ, நாற்காலி பத்தாதா. அவங்கவங்க கொண்டு வருவாங்களா. எங்கிட்ட சுழல் நாற்காலி இருக்கு, ரிடையரானப்ப கம்பெனி குடுத்தது, உயரத்தை ஏத்தலாம்... அது வேண்டாமா. சரி, வேண்டாம். சமையல்கட்டுல ஒரு முக்காலி இருக்கு. அதைத் தூக்கிட்டு வரேன்... கார் எங்கம்மா இருக்கு இப்ப? பஸ்லதான். மடியில வெச்சுக்கறேன்.

...பத்து மணிக்கா. ஒன்பதுக்கே வந்துடட்டுமா? ஒன்பதரை... வேண்டாம். சரிம்மா. பத்துக்கே வரேன். வைங்க.