மேகம் மூடிய மூன்று இரவுகள்

தங்கை ஆசியாவைப் பறிகொடுத்த துயரத்திலும் இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் கடைவீதி வணிகர் சாகுல் ஹமீது அவர்களே, மேடையில் இருக்கும் சான்றோர்களே, நாயுடுபுரத்து அண்டை வீட்டாரே, பூண்டு அறுவடையைப் போட்டுவிட்டுக் கவுஞ்சியிலிருந்து வந்திருக்கும் விவசாயிகளே, கடலோரச் சீமையிலிருந்து பேருந்து மாறி மாறி மலையேறி வந்திருக்கும் வேலுத்தாய் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முனைவர் ஆசியா அவர்களின் பெருமையைப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். பேசுகிறேன். ஆனால் வாசலருகே சாய்த்து வைத்திருக்கிறார்களே ஒரு மலர்வளையம், அதைப் பார்த்ததிலிருந்து என் வாயெல்லாம் கசக்கிறது. எரிவாயு நிறுவனத்தின் பெயர் மேலே பெரிய எழுத்தில். ஆசியாவின் பெயர் அடியில், பொடி எழுத்தில். மலர்வளையம் வேண்டாம் என்று குடும்பத்தார் சொன்ன பிறகும் அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு கடிதமும் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செயற்கைக்கோள் படங்களைப் படிப்பதே ஆசியாவின் தொழில். வெளியூர்களில் பணியாற்றி ஓய்வுபெற்று நாயுடுபுரம் திரும்பினார். ஓய்வாக இருந்தாரா? எங்கே இருந்தார்!

வேலுத்தாய் அம்மாவின் மகன் இங்கே ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறார். மகனைப் பார்க்க வந்த அம்மா, பொழுது சாய்ந்த பிறகும் குளிரில் மகன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஆசியா பதறிப்போனார்.

"ஏம்மா, இந்தக் குளிருல என்ன சோலி? உள்ள போங்க."

"இருங்கக்கா. இருட்டப் பாத்து எம்புட்டு நாளாச்சு! எங்க ஊருல ராவே கெடையாது. கேஸ் கெணத்துல தீய வச்சுக்கிட்டே கெடக்கான். கோழிக்கு விடிஞ்சது தெரியல, நடுச்சாமத்துல கூவுது. எம் பேத்தி இருமி இருமி நெஞ்சு காஞ்சு போச்சு."

பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவில் ஒரு பகுதியைச் சேர்த்து அனுப்பச் செலவாகும். அந்தச் செலவுக்கு மனமில்லாதவர்கள் உயரமான குழாயின் நுனியில் அதைக் கொளுத்திவிடுகிறார்கள். அந்தத் தீயைத்தான் அம்மா சொன்னார். மறுநாள் ஆசியா படங்களைத் திறந்தார். இரவில் நம் தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோள், தரையில் எது சுடுகிறது என்று காட்டும். வேலுத்தாய் அம்மாவின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. பழைய படங்களைத் தேடினார். மூன்று ஆண்டுகளாக அதே இடத்தில் அதே புள்ளி!

நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? "நாங்கள் எரிப்பதில்லை, விவசாயிகள் அறுவடை முடிந்த வயலில் தாளைக் கொளுத்துகிறார்கள்." தன் தீயைத் தூக்கி, அதன் புகையில் இருமுகிறவர்களின் தலையிலேயே வைக்கிற மனம் எப்படிப்பட்ட மனம்!

விறகடுப்பின் தணலுக்கும் கேஸ் அடுப்பின் சுடருக்கும் சூட்டில் வித்தியாசம் உண்டல்லவா? தாள் எரிவதற்கும் எரிவாயு எரிவதற்கும் அப்படித்தான். செயற்கைக்கோளுக்கு அது தெரியும். இதை விளக்க ஆசியா பொது விசாரணைக்குப் போனார். எரிவாயுத் தீ என்று அவர் புள்ளிகளைக் குறித்த முதல் படத்தில் ஒரு பிழை இருந்தது. நம் கவுஞ்சியில் யாரோ சருகைக் கொளுத்திய புள்ளியும் அதில் சேர்ந்துவிட்டது. நிறுவனத்தின் அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார்.

"கவுஞ்சியில கேஸ் கண்டுபிடிச்ச மேடம் வந்திருக்காங்க!"

மண்டபமே சிரித்தது. ஆசியா எழுந்தார்.

"தப்பு என்னுதுதாங்க. அந்தப் புள்ளிய அடிச்சிட்டேன். கவுஞ்சிப் புள்ளி ஒரு ராத்திரி இருந்துச்சு, அணைஞ்சு போச்சு. உங்க புள்ளி மூணு வருஷமா நகரலையே, அது எந்த ஊருத் தாளுங்க?"

சிரிப்பு நின்றது. கவுஞ்சிக்காரர்கள் மட்டும் விடவில்லை. இதோ முன்வரிசையில் இருக்கிற திருமலைச்சாமி, ஆசியாவைக் கண்டபோதெல்லாம், "மேடம், எங்க காட்டுல கேஸ் வந்தா மொத சிலிண்டர் உங்களுக்குத்தான்" என்பார். பூண்டுப் பையையும் கையில் திணிப்பார். அவர் இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

அடுத்து நிறுவனம் செய்ததுதான் அருவருப்பு. மேகம் மூடிய இரவில் செயற்கைக்கோளால் தரையைப் பார்க்க முடியாது. தான் வெளியிடும் பட்டியலில் அந்த இரவுகளுக்கு நேரே ஆசியா "தெரியவில்லை" என்று போடுவார். அந்த இரவுகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, "தீ இல்லாத இரவுகள்" என்று அறிக்கை அச்சடித்தார்கள்! ஏரியைப் பனி மூடியிருக்கும்போது வருகிற டூரிஸ்ட், "லேக் எங்கப்பா?" என்று கேட்டால் நம் குதிரைக்காரர் என்ன சொல்வார்? "அங்கதான் சார் கெடக்கு, பனி வெலகட்டும்." அவருக்குத் தெரிந்தது படித்த அதிகாரிகளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே செய்தார்கள்.

அவரிடம் படம் பார்க்கப் பழகிக்கொண்டிருந்த எனக்குக் கோபம் வந்தது. "எப்போதும் எரிகிற தீதானே, மேகம் மூடினால் என்ன, எரிந்தது என்றே போட்டுவிடுங்கள்" என்றேன். ஆசியா மறுத்துத் தலையசைத்தார். "பாக்காததப் பாத்தேன்னு எழுதிட்டா, நமக்கும் அவங்களுக்கும் என்ன சார் வித்தியாசம்?" அவ்வளவுதான் சொன்னார்.

இனி அந்தக் கடிதம். சென்ற வாரம் ஆசியா மறைந்தார். கடிதம் சொல்கிறது: "முனைவரின் நினைவைப் போற்றி, அவர் மறைந்த நாள் முதல் மூன்று இரவுகள் எரிப்பை முழுவதும் நிறுத்தினோம். செயற்கைக்கோள் படங்களிலேயே இதைக் காணலாம்."

எரிப்பதே இல்லை என்றவர்கள், இப்போது நிறுத்தினோம் என்கிறார்கள்! பார்த்தேன், நண்பர்களே. அவர் எனக்குப் பழக்கிக் கொடுத்தபடியே திறந்து பார்த்தேன். மூன்று இரவும் அந்தச் சீமை முழுக்க மேகம்! நல்ல மேகமாகப் பார்த்து அஞ்சலி செலுத்தியிருக்கிறார்கள்! உயிரோடு இருந்தபோது அவர் முகத்துக்கு நேரே சொன்ன பொய் போதவில்லையா? சவக்குழி ஈரம் காயும் முன்னே அங்கேயும் கொண்டுவந்து வைக்க வேண்டுமா?

இன்று காலை வேலுத்தாய் அம்மாவிடம் கேட்டேன்.

"நின்னுச்சாவா? எவன் சொன்னது? மழைக்குள்ளயும் மூணு ராவும் திகுதிகுன்னு எரிஞ்சுச்சுய்யா. அக்கா போன சேதி வந்தப்ப அந்த வெளிச்சத்துலதான் துணிமணிய எடுத்து வச்சேன். வெளக்கே போடல."

ஆசியாவின் பட்டியலில் அந்த மூன்று இரவுகளுக்கும் செயற்கைக்கோளுக்கு நேரே "தெரியவில்லை" என்றே பதிவு செய்திருக்கிறேன். பொய்யர்களைப் பிடிப்பதற்காகக்கூட ஆசியாவின் ஒழுங்கை நான் மீற மாட்டேன். அதன் கீழே, "தரையிலிருந்து பார்த்தவர்: வேலுத்தாய். தீ எரிந்தது" என்று அவர் பெயரோடு சேர்த்திருக்கிறேன். நான்காம் இரவு மேகம் விலகியது. புள்ளி அங்கேயே இருந்தது.

அடுத்த மாதம் வேலுத்தாய் அம்மாவின் ஊரில் இன்னொரு கிணறு தோண்ட அனுமதி கேட்டு விசாரணை நடக்கிறது. ஆசியா இல்லை, இனிக் கேட்க ஆளில்லை என்ற நிம்மதியில்தான் இந்தப் பூவை அனுப்பியிருக்கிறார்கள். நான் போகிறேன். சாகுல் ஹமீது அவர்கள் வருகிறார். திருமலைச்சாமி, கவுஞ்சியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். படங்களைத் தினமும் நான் பார்ப்பேன். தெரிந்ததைத் தெரிந்தது என்பேன், தெரியாததைத் தெரியாது என்பேன். ஆசியா அவர்களே, உங்களுக்கு நாங்கள் செலுத்தக்கூடிய மரியாதை இதுதான்.

அந்த மலர்வளையத்தை என்ன செய்வது என்று வாசலில் விவாதித்துக்கொண்டிருந்தோம். வேலுத்தாய் அம்மா குறுக்கே வந்து சொன்னார்: "இங்கிட்டுக் குடுங்கய்யா. ஊருக்குத்தான போறேன், அவன் கம்பெனி கேட்டுலயே வெரசாப் போட்டுர்றேன்."

எடுத்துச் செல்லுங்கள், அம்மா. பின்னாலேயே நாங்கள் வருகிறோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.