இரண்டு இழையும் அறுந்தால்

எனக்குப் படம் வரைய வராது, முகுந்தன் அண்ணா. பதினெட்டு வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியும் பலகையில் ஒரு வட்டம் ஒழுங்காக விழுவதில்லை. உங்கள் அப்பாவின் பெட்டியில் கிடைத்ததென்று நீங்கள் கைப்பேசியில் அனுப்பியது நான் வரைந்ததுதான். கோயில் திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில் கோணல்மாணலாக இருப்பது ஒரு செல். உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு கோடுகள் டி.என்.ஏ. குறுக்கே அம்பு போட்டு ‘கார்பன்’ என்று எழுதியிருக்கிறேன்.

ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்து, மருத்துவமனையில் தேதியும் வாங்கிய பிறகு அப்பா ஏன் போகமாட்டேன் என்றார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. துக்கத்தில் இருப்பவரை அலைக்கழிக்கக் கூடாது. அதனால் நேராகவே சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை குமுதவல்லி போன் செய்து என்னைப் புக்கிட் பெலண்டோக் வீட்டுக்கு வரச் சொன்னாள். உங்கள் அப்பாவை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு முதுகெலும்பின் அடியில் கட்டி. கத்தி வைத்தால் கால் போய்விடும், சாதாரணக் கதிருக்கு இந்தக் கட்டி மசியாது, ஜப்பானில் போய்க் கார்பன் கதிர் வைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கிலீஷிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னதில் பெரியப்பாவுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. நீங்களோ சிங்கப்பூரில். லிங்கி தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கதிர்வீச்சு உயிரணுவை என்ன செய்கிறது என்றே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். “டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. லோகேஸ்வரி, நீ நம்ம லயத்துப் புள்ள. நீ சொன்னா நான் கேட்டுக்கிறேன்” என்றார் பெரியப்பா.

சொன்னேன். அந்தப் படத்தையும் வரைந்துகாட்டினேன், எதையும் கூட்டவில்லை. சாதாரணக் கதிரான எக்ஸ்ரே போனால் பெரும்பாலும் டி.என்.ஏ.வின் இரண்டு இழையில் ஒன்றுதான் அறுபடும். மற்றதைப் பார்த்துச் செல் அதைத் தைத்துக்கொள்ளும். கார்பன் கனமானது. அது போன வழியில் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துவிடும், பக்கத்திலேயே இன்னும் நாலைந்து இடம் சிதையும். பார்த்துத் தைக்க எதுவும் மிஞ்சாது. எந்த முனை எதோடு சேர வேண்டும் என்று தெரியாமல் செல் தாறுமாறாக ஒட்டிவைக்கும். செத்துப்போகிற செல்லாவது தேவலை, தப்பாக ஒட்டிக்கொண்டு உயிரோடு பெருகுகிற செல்லை என்ன செய்வது என்று கேட்டேன். பெரியப்பா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வதுபோல மெதுவாக, இன்னொரு முறையும் சொன்னேன்.

என் அம்மாவும் அவரிடம் ஒருமுறை இப்படித்தான் விவரம் கேட்டாள். உங்களுக்கு நினைவிருக்காது. அம்மா தோட்டத்தில் புல்லைக் கொல்லும் மருந்து அடித்தாள், உங்கள் அப்பா அவர்களை வேலை வாங்கும் மண்டோர். முதுகில் சுமந்த மருந்து டாங்கி ஒழுகித் தோல் உரிந்தது, நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது. கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது. இந்த மருந்து உடம்பை என்ன செய்யும் என்று நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் கேட்டாள். “தண்ணி கலந்த மருந்துதானே ராக்கம்மா, ஒன்னும் செய்யாது. நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் கொடுக்க வந்துரு” என்றார். அதே வேலையில்தான் உங்கள் அம்மாவும் இருந்தார். அந்த மாதமே அவரை மட்டும் நாற்றுக்கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார்.

நான் பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படிக்கும்போது அம்மா போனாள். கடைசி வாரம் மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. பிறகு நான் பட்டம் வாங்கி வந்தபோது கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தியது உங்கள் அப்பாதான். தோட்டத்துக்கே பெருமை என்று மைக்கில் பேசினார். அவரை நான் ஒருநாளும் மன்னிக்கவில்லை. அதற்காகப் பழிவாங்கினேன் என்று நினைக்க வேண்டாம். அவர் அம்மாவிடம் பொய் சொன்னார். நான் அவரிடம் விஞ்ஞானத்தைச் சொன்னேன். இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நான் கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அது கட்டிக்குள்ளயே நின்னுருமா, இல்ல ஒடம்பு பூரா போகுமா?”

அருமையான கேள்வி. என் மாணவர்களில் பாதிப் பேருக்குக் கேட்கத் தோன்றாது. கார்பன் கதிரை வேண்டிய ஆழத்தில் நிறுத்தலாம். வழியில் அதிகம் சேதம் செய்யாமல் போய், கட்டிக்குள் நின்று, அங்கேதான் தன் பலத்தையெல்லாம் இறக்கும். தாண்டிப் போவது சொற்பம். அறுந்த இழையைத் தைக்க முடியாமல் சாவது கட்டியின் செல்கள்தான். அதற்காகத்தான் நோயாளிகளை அவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள்.

“ஒடம்பு பூரா போகும் பெரியப்பா” என்றேன்.

அவர் கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீ ஒருத்தியாச்சும் உண்மைய மறைக்காம சொன்னியேம்மா” என்றார். அதற்குப் பிறகு ஏழு மாதம் வலியோடு கிடந்துதான் போனார் என்று குமுதவல்லி சொன்னாள்.

அந்த ஒரு வரியைத் தவிர, அண்ணா, நான் சொன்னது எல்லாம் உண்மை. சந்தேகமிருந்தால் பாடப்புத்தகம் அனுப்புகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.