நுளம்பு வலைக் கம்பு

– கதவை ஏன் பூட்டுறீங்கள் நானா?

– நீ ஓடாம இருக்கத்தான். வீட்டுக்கார கனகம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. இந்த மழைக்குள்ள நீ கத்தினா லிங்கநகர்ல ஒருத்தனுக்கும் கேக்காது. வெளங்குதா?

– ஓடுறதெண்டா காலமையே ஊருக்கு, கிளிவெட்டிக்குப் பஸ் ஏறியிருப்பன். நீங்கள் வருவீங்கள் எண்டுதான் இருந்தனான்.

– என்ட தம்பிட மூக்கை உடைச்சிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தியா? ஒரே அறையில படுத்து, ஒரே புத்தகத்தைப் படிக்கிற கூட்டாளி செய்யிற வேலையாடா சிவரூபன் இது?

– உடைக்கேல்ல நானா. நுஸ்கிக்கு அனலாக் காய்ச்சல். வெளியில கொட்டுற மழை. சோதினை எழுதப் போகத்தான் போறன் எண்டு நிண்டவன். கதவை மறிச்சனான். என்ர கழுத்தைப் பிடிச்சவன். நானும் கையை ஓங்கீட்டன். மூக்கில பட்டிட்டுது.

– எந்தக் கை?

– வலது.

– நீட்டு. இந்தக் கம்பு என்னத்துக்கு தெரியுமா?

– நுளம்பு கடிக்காம வலை கட்ட. அவன்ர கட்டில்ல நான்தான் கட்டினனான்.

– இண்டைக்கு இது வேற வேலைக்கு. இந்தா வாங்கு.

– அம்மா... விரல் நானா, விரல்...

– மத்தக் கையால தடுக்காத. அதையும் முறிப்பன்.

– அடியுங்கோ. அடிச்சுக்கொண்டே கேளுங்கோ. மாரி மழை துவங்கின நாள் துவக்கம் அவனோட எனக்குச் சண்டைதான். ஈர உடுப்போட படுக்காத எண்டுவன். கொதிக்காத தண்ணி குடிக்காத எண்டுவன். பின்பக்கத்துத் தண்ணிப் பரல்ல நுளம்புக் குடம்பி புழுப்போல நெளிய, கவிட்டு ஊத்தினதும் நான்தான். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தாச் சிரிப்பான். சுகாதாரம் பாக்க வாற பி.எச்.ஐ. ஐயா எண்டுதான் என்னைக் கூப்பிடுவான்.

– பெரிய பி.எச்.ஐ. மூக்கில குத்துற பி.எச்.ஐ. இந்தா, முதுகுக்கு ஒண்டு.

– வலை ஒண்டுதான் இருந்தது. அதையும் அவனுக்குத்தான் குடுத்தனான். வெக்கையா இருக்கெண்டு சுருட்டி வைச்சிட்டான். நானா, பொறுங்கோ, வாயில ரத்தம் வருது.

– உன்ட ரத்தம் நிக்கும். அவனுக்கு விடியத்துல இருந்து நிக்கல்ல. உம்மா அந்த ரத்தச் சட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வாட்டு வாசல்ல கிடக்கிறா. காய்ச்சல் என்னடா காய்ச்சல்? இறக்கக்கண்டியில நாங்க காய்ச்சலோடதான் கடலுக்குப் போறம். ஒரு குளுசையை விழுங்கு, ஒரு பிளேன்ரீயைக் குடி, வள்ளத்தைத் தள்ளு, அவ்வளவுதான். நேத்து நான் சோறு கொண்டந்த நேரம் அவன் நல்லாத்தான் இருந்தான்.

– நீங்கள் போனாப்பிறகு காய்ச்சல் விட்டதுதான். குப்பெண்டு வேர்த்தது. விடிய எழும்பினா பழையபடி நெருப்பு. உண்மையா நானா, நான் பனடோலைத் தவிர ஒண்டும் குடுக்கேல்ல.

– வாயை மூடு. முழங்கால்ல இரு. கையை மேசையில வை. இனி நீ அந்தக் கையால பேனையும் பிடிக்கப்படா. வெளங்குதா?

– போன் அடிக்குது. உங்கட போன் நானா. ஆஸ்பத்திரியில நிக்கிற தங்கச்சியா இருக்கும். எடுங்கோ, பிறகு அடிக்கலாம்.

– பஹ்மியா, செல்லு. மழை, ஒண்டும் கேக்குதில்ல. ஸ்பீக்கர்ல போடுறன், உரத்துச் செல்லு.

– றிகாஸ் நானா, அடி பட்டதால இல்லையாம். நுஸ்கிக்கு டெங்காம். வயித்துக்குள்ளயும் ரத்தம் போகுதாம். ஏதோ நோவுக் குளுசை போட்டிருக்கான், அதுதான் ரத்தம் நிக்கிதில்லையாம்.

– ஆரு செல்ற?

– டொக்டர். மூக்கால ரத்தம் வந்து இஞ்ச கொண்டு வந்தது நல்லதாப் போச்சாம். சோதினைக்குப் போயிருந்தா வழியிலேயே விழுந்திருப்பானாம். என்ன குளுசை, எவ்வளவு போட்ட எண்டு உடனே தெரியணுமாம். கேட்டா வாயைத் திறக்கிறான் இல்ல. சுவரைப் பாத்துக்கிட்டு அழுறான். ஆரையோ காட்டிக் குடுக்க ஏலாம கிடக்கிறான். சிவாட்டக் கேளுங்க நானா, ஆரு குடுத்த எண்டு.

– சத்தியமா எனக்குத் தெரியாது தங்கச்சி. அவன்ர பையைக் கொட்டிப் பாக்கிறன். நானா, கம்பை ஏன் போட்டுட்டீங்கள்?

– பையில தேடாத. மிச்சம் என்ட பொக்கற்றுல கிடக்கு.

– றிகாஸ் நானா, என்ன செல்றீங்க?

– பஹ்மியா, டொக்டர்ட குடு போனை. அட்டையில உள்ள பேரை வாசிக்கிறன். சோத்துப் பாசலோட நான்தான் குடுத்த. ரெண்டு ரெண்டாப் போடு, சோதினை முடியும் மட்டும் காய்ச்சல் எழும்பாது, உம்மாக்குச் செல்லிராத எண்டு நான்தான் சொன்ன. ஓடு, குடு போனை... சிவா, கதவு பூட்டித்தான் கிடக்கு. நான் டொக்டரோட கதைச்சு முடிய, அந்தக் கம்பை நீ எடு.