நிமிஷத்துக்கு ஒரு முறை

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குப் பிடிக்காது இன்ஸ்பெக்டர் சார். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அப்படிப்பட்ட வேலையை ஒரே வரியில் எழுதி கிரானிடம் ஒப்படைத்துவிடுவேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற ஏற்பாடு அது. சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறதி முற்றிய பிறகு, டிப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் நெடுஞ்சாலை நடுவிலிருந்து கூட்டிவந்தேன். அதன்பிறகுதான் வாசல் கதவுக்கு மின்பூட்டுப் போட்டேன். உள்பக்கப் பொத்தானை அழுத்தினால் அது திறந்துகொள்ளும். கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பொத்தானை முடக்கலாம். ஆனால் சற்று நேரத்தில் தானாகவே உயிர் பெற்றுவிடும். ஆபத்தில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நிமிஷத்துக்கு ஒரு முறை முடக்கும்படி கிரானுக்கு எழுதினேன்.

"கதவு என்னை ஏத்திக்க மாட்டேங்குதுடா," என்பார் அப்பா. "ஸ்டாப்புல எத்தனை பேரை விட்டுட்டுப் போயிருப்பேன், அந்தப் பாவம்தான்."

நாங்கள் இருவரும் சிரிப்போம். என் மனைவி சிரிக்க மாட்டாள்.

"மாமாவுக்கு ஒண்ணுன்னா என்னங்க பண்றது?"

"எனக்குத் தகவல் வந்துடும்."

பொய்யில்லை. உள்ளே யாராவது பொத்தானை அழுத்தினால் கிரான் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். அப்பா அழுத்திக்கொண்டே இருந்தார். அஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்தது. என் இடத்தில் யார் இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். வரியின் கடைசியில் சில எழுத்துகளைச் சேர்த்து, மின்னஞ்சல்கள் யாருக்கும் போகாதபடி செய்துவிட்டேன்.

அன்று நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தோம். அப்பா அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்தபோது அவருடைய கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

நிறைய யோசித்தேன் சார். பூட்டில் தவறில்லை. தகவலை நிறுத்தியதுதான் தவறு. புதுக் கதவில் அதைத் திருத்திவிட்டேன், தகவல் இப்போது நேராக என் செல்லுக்கே வரும்.

மனைவிக்குத்தான் மனசு நிலைகொள்ளவில்லை. "உங்ககூட இருக்கவே பயமா இருக்குங்க, அக்கா வீட்டுக்குப் போறேன்," என்று பெட்டியைக் கட்டுகிறாள். அந்த நிலைமையில் இருப்பவளை எப்படித் தனியே வெளியே விடுவது?

நாம் பேசத் தொடங்கியதிலிருந்து என் செல் அதிர்ந்துகொண்டே இருக்கிறதே என்று கேட்டீர்கள். மன்னிக்க வேண்டும் சார். இந்தத் தடவை ஒன்றுவிடாமல் படிக்கிறேன்.