இத்தாலிப் படத்தில் ஒரே ஒரு புள்ளி

சிரிச்சிட்ட இல்ல? பரவாயில்லம்மா, சிரி. ஆனா ரொம்பச் சிரிக்காத, தையல் இழுக்கும். அந்த நர்ஸ் வாசல்ல நின்னு, "ரூபாகம்பானே! பேர் பதியறதுக்குக் கீழ கூப்பிடுறாங்க!"ன்னு கூவினப்பவே உன் உதடு துடிச்சுது, நான் பார்த்தேன். கூவினவ மட்டும் என்ன, கூவிட்டு வாயைப் பொத்திக்கிட்டு ஓடுறா. எனக்கு இதெல்லாம் பழக்கம். எங்க வீட்டுக் குடும்பப் பேரு அது. மணி திருடன்னு பச்சையா காதுல விழுது, ஆமா, எனக்கும் காது இருக்கு. ஒரு தடவை போலீஸ்காரன் ஒருத்தன் ரோட்டுல வண்டியை நிறுத்தி எங்க வீட்டுக்காரரோட லைசென்ஸை வாங்கிப் பார்த்தான். பார்த்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? "ஐயா, டிக்கியைக் கொஞ்சம் திறங்க, மணி ஏதாவது இருக்கான்னு பார்த்துடறேன்." இவரு... திறந்தும் காட்டினாரு! ஓரெஸ்தேன்னா அப்படி ஒரு மனுஷன்.

நீ சாப்பிடு, சாப்பிடு. பதில் சொல்லணும்னு இல்லை. ஒம்பது மாசமா உப்புல ஊறின பச்சைப் பன்னித்தொடைக் கறியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லி, கடை வாசல்ல நின்னு மோந்து பார்த்துட்டு வந்திருப்ப. என் மருமக இலாரியாவும் பெத்த கையோட அதைத்தான் கேட்டா. நான் பொழுது விடியறதுக்கு முன்னால எழுந்து கோழி சூப்பு வச்சுத் தூக்கிட்டு வந்தேன். ஒரு வாய்? ஊஹும். அவங்கப்பன் கொண்டுவந்த ரொட்டியையும் கறியையும் தின்னா. இதோ, இந்தக் கட்டில்தான் அவளோடது. குளிக்கப் போறேன்னு போனா. குளிக்கப் போறவ தலை சீவி, சட்டை மாத்தி, பிள்ளையையும் தூக்கிட்டா போவா? ஒருவேளை அவளும் கீழ... சேச்சே. பேர் பதியறதை மிர்கோ போய்ப் பார்த்துக்குவான். மிர்கோ என் மகன். நான் பெத்தது அது ஒண்ணுதான்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், மணி.

அது திருட்டே இல்லம்மா. கேளு. எங்க ஊர் காஸ்தெல்ரோவோ, மலை மேல. எதிர் மலையில பியானோரா, மருமக ஊரு. நடுவுல ஆறு. அந்தக் காலத்துல கடல்கொள்ளைக்காரங்க வராங்கன்னு சேதி வந்துச்சாம். பியானோராக்காரனுங்க என்ன பண்ணினானுங்க? கோயில் மணியை அப்படியே தொங்க விட்டுட்டுக் காட்டுக்குள்ள ஓடிட்டானுங்க. ஓரெஸ்தேவோட முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஒருத்தன், தனி ஆளா, மாட்டு வண்டி கட்டிப் போய், மணியை இறக்கி, வைக்கோல் போட்டு மூடி, ஆத்தைக் கடந்து எங்க ஊருக்குக் கொண்டுவந்தான். காப்பாத்தினான்! அப்புறம் ஏன் திருப்பித் தரலைன்னு கேக்காத, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. ஆத்துல வெள்ளம். அப்போ பாலம் கிடையாது. பாலம் கட்டினதுக்கு அப்புறமா? அப்புறம்... மணி எங்க கூண்டுக்குப் பழகிப்போச்சு, அவ்வளவுதான். இன்னிக்கும் பியானோரா மணிக்கூண்டு பல்லு விழுந்த வாய் மாதிரி காலியாத்தான் நிக்குது. ஸ்பீக்கர் கட்டி அதுல மணிச் சத்தம் போடுறானுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மணிக்குப் பதிலா பந்தாட்ட வர்ணனை வந்துச்சாம். எங்க ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுது.

உலகத்துல எத்தனையோ ஊர், எத்தனையோ பொண்ணுங்க. என் மகன் போய் விழுந்த இடத்தைப் பாரு! பியானோரா!

சரி, நீ நினைக்கிறது புரியுது. இந்தப் பேருக்கு இந்தக் கிழவி ஏன் இப்படி உசிரை விடுறான்னு. கிழவின்னு சொல்லலையா? நினைச்ச இல்ல? நான் பொறந்தது ரோஸ்ஸி வீட்டுல. பாரு, சிரிப்பு வரல. ரோஸ்ஸின்னா யாருக்கும் சிரிப்பும் வராது, கோபமும் வராது, ஞாபகமும் வராது. கன்னியர் பள்ளிக்கூடத்துல எங்க வகுப்புல மட்டும் நாலு ரோஸ்ஸி. அதுல நெரீனா ரோஸ்ஸி ரெண்டு. சிஸ்டர் எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா? "நெரீனா ரோஸ்ஸி... நீ இல்லடி, இன்னொருத்தி." அந்த இன்னொருத்திதான் நான். கோயில்ல முதல் தடவையா புதுநன்மை அப்பம் வாங்கினப்ப எடுத்த என் படத்தைக்கூட அவ வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. எங்கம்மா செத்துப்போற வரைக்கும் சுவத்துல மாட்டி வச்சிருந்தது யாரு பெத்த பொண்ணையோ!

அப்புறம் ஒரு நாள் மிர்கோ, கல்யாணமாகி ஆத்தைத் தாண்டிப் போறதுக்கு முன்னால, கம்ப்யூட்டர்ல ஒண்ணு காட்டினான். குடும்பப் பேரை அடிச்சா இத்தாலி படம் வருது. அந்தப் பேர்க்காரங்க எங்கெங்க இருக்காங்களோ அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி. ரோஸ்ஸின்னு அடிச்சான். மாதாவே! அம்மை போட்ட பிள்ளை மாதிரி, உச்சந்தலையிலேர்ந்து கால் கட்டைவிரல் வரைக்கும் சிவப்பு. அப்புறம் ரூபாகம்பானேன்னு அடிச்சான். வெறும் படம். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளி. இத்தாலி முழுக்க ஒரே ஒரு புள்ளி! அந்தப் புள்ளி எதுன்னு நினைக்கிற? எங்க சமையக்கட்டு! அதைப் பெருசா அச்சடிச்சுச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டிட்டேன். பெரிய வீட்டுக்காரங்க குலச் சின்னம் மாட்டுறதில்ல? அது மாதிரி.

ஏம்மா, நொடிக்கொரு தரம் பாப்பா மூக்குக்குக் கீழ ஏன் விரலை வச்சு வச்சுப் பார்க்கிற? மூச்சு விடறாம்மா. நல்லாவே விடறா. நானும் இப்படித்தான், மிர்கோ நல்லாத் தூங்கினா பயந்துபோய் எழுப்பிடுவேன். அவன் அழுதாத்தான் எனக்குத் தூக்கம் வரும். எல்லாம் சரியாயிடும். சரியாகாது, பழகிடும்.

எங்க விட்டேன்? புள்ளி. இருக்கிறது ஒரே புள்ளின்னா, அது உசத்தின்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? அங்கதான் எனக்குச் சனியன் பிடிச்சுது. பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு பேராசிரியரை வரவழைச்சேன். குடும்பப் பேருங்களுக்கு வேர் தேடுறதே அவருக்கு வேலை. பங்குத் திருவிழா அன்னிக்கு, கோயில் கூடத்துல, ஊர் முன்னால பேசச் சொன்னேன். சம்பந்தி வீட்டாரையும் கூப்பிட்டேன். கூப்பிடாம? அவங்க காதுல விழணும்னுதானே இத்தனையும்! ஓரெஸ்தே "வேணாம் நெரீனா"ன்னாரு. அவரு எதுக்குத்தான் வேணும்னு சொல்லியிருக்காரு? கறி அடுக்கி வேகவச்ச வின்சிஸ்கிராஸ்ஸி, ரெண்டு பெரிய தட்டு, என் கையால பண்ணினேன்.

பேராசிரியர் எழுந்து, "மிக மிக அரிய பெயர்"ன்னாரு. நான் திரும்பி சம்பந்தியைப் பார்த்தேன், இப்படிக் கழுத்தை நீட்டி. "இதன் பொருளைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை, காதில் விழுவதுதான் பொருள்"ன்னாரு. சரி, இனிமே கடல்கொள்ளைக்காரங்க வருவாங்கன்னு நான் காத்துட்டிருக்கேன். வரவே இல்லை. "சொந்த ஊர் தன் வீரனுக்கு இப்படிப் பட்டப்பேர் வைக்காது. பறிகொடுத்த ஊர்தான் வைக்கும். பியானோரா திட்டினதை காஸ்தெல்ரோவோ பெருமையா எடுத்துக்கிட்டது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. என் கையால சாப்பிட்ட வாயா அது?

சம்பந்தி வால்தெர் எழுந்து நின்னாரு. கறிக்கடைக்காரரு, குரல் ஆத்துக்கு அந்தப்பக்கம் கேக்கும். "அப்போ எங்க மணி எப்போ வருது, சம்பந்தியம்மா?" அவ்வளவுதான். எங்க ஆளுங்க பெஞ்சு மேல ஏற, அவங்க ஆளுங்க மேடை மேல ஏற, பங்குச் சாமியார் தோன் அன்செல்மோ பயந்துபோய் விளக்கையே அணைச்சுட்டாரு. திரும்பப் போட்டுப் பார்த்தா என் வின்சிஸ்கிராஸ்ஸித் தட்டு ஒண்ணைக் காணோம்! பியானோராக்காரன்தான் தூக்கிட்டுப் போயிருக்கான். இப்போ நீயே சொல்லு, யாரு திருடன்?

சிரிக்காத. அந்தக் கூட்டத்துல இலாரியா நிறைமாசமா உக்காந்திருந்தா. அது வரைக்கும் அவளுக்கு அது சும்மா புருஷன் வீட்டுப் பேரு. கிண்டல் பண்ணுவா, ஆனா ஒரு குறையும் சொன்னதில்லை. மறுநாள் காலையில வந்து நின்னா. "அத்தை, நாங்க இருக்கிறது பியானோராவுல. என் பிள்ளை படிக்கப்போறதும் அங்கதான். பென்சில் தொலைஞ்சா இவன் பையைத்தான் முதல்ல திறப்பாங்க. நான் விடமாட்டேன்"னா. கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

முன்னெல்லாம் இந்தப் பேச்சே கிடையாது. அப்பன் பேரு எதுவோ அதுதான் பிள்ளைக்கு. இப்போ சட்டம் மாறிடுச்சு, ரெண்டு பேரோட பேரும் வரணுமாம். ஒண்ணு மட்டும் போதும்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒத்துக்கணுமாம். உங்க வீட்டுல எப்படி? பேசி முடிவு பண்ணிட்டீங்களா? சண்டை இல்லாமயா? குடுத்து வச்சவங்க. எங்க வீட்டுல ஒரு மாசமா அதுதான் காலைக் காப்பியும் ராத்திரி சூப்பும். ரூபாகம்பானே பெத்ரெல்லியா, பெத்ரெல்லி ரூபாகம்பானேயா, வெறும் பெத்ரெல்லியான்னு. பெத்ரெல்லின்னா அவ குடும்பம். நான் சொல்லிட்டேன், பின்னால ஒட்டினாலும் சரி, ஓரத்துல தொங்கினாலும் சரி, அந்தப் பேர் இருக்கணும். மிர்கோவுக்கு அப்புறம் என் பேரன் இவன்தான். இவனுக்கு அந்தப் பேர் இல்லைன்னா என் புள்ளி போச்சு.

என்ன? ஏன் ஒரே புள்ளின்னா கேக்குற?

அது... சாப்பிட்டு முடி நீ. தண்ணி வேணுமா?

ஏன்னா என்ன சொல்றது. அந்த வீட்டுல ஆம்பளைங்களுக்குப் பஞ்சமில்லை. ஓரெஸ்தேவுக்கு அண்ணன் ரெண்டு பேரு. சித்தப்பன் பசங்க ஒரு பட்டாளம். எல்லாரும் சர்க்கார்ல மனுப் போட்டுப் பேரை மாத்திக்கிட்டாங்க. கேலியான பேருன்னா மாத்திக் குடுப்பாங்களே, தெரியுமில்ல? பெரியவரு இப்போ அங்கோனாவுல டாக்டர் காம்பானி. ரூபாங்கிற திருட்டை வெட்டிப் போட்டுட்டு மணியை மட்டும் வச்சுக்கிட்டாரு, பாட்டன் புத்தி! பேராசிரியர் சொன்ன "மிக மிக அரிய" இதுதாம்மா. ஓட முடிஞ்சவன் எல்லாம் ஓடிட்டான். மிச்சம் நின்னது ஒருத்தரு.

அவரும் ஓடத்தான் பார்த்தாரு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, மிர்கோகிட்டகூட. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. ஒரு சாயங்காலம் வந்தாரு, தலை படிய வாரிக்கிட்டு, மனுவைச் சட்டைப்பையில மடிச்சு வச்சுக்கிட்டு. "நெரீனா, உனக்கு ஒரு நல்ல பேரு வாங்கித் தரப்போறேன்"னாரு. பூ வாங்கிட்டு வந்தவன் மாதிரி முகம். நான் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழிச்சேன். பேரை மாத்தினா கல்யாணமே வேணாம்னுட்டேன். எனக்கு ரோஸ்ஸி போதும் போதும்னு ஆயிடுச்சு இல்ல? இத்தாலியிலயே ஒரே ஒரு நெரீனாவா நான் இருக்க வேணாமா? அவரைக் கட்டிக்கிட்டேனா, அந்தப் பேரைக் கட்டிக்கிட்டேனா... இத்தனை வருஷத்துல நானே கேட்டுக்கிட்டதில்லை.

இதுல வேடிக்கை என்னன்னா, பேர் எனக்கு வரவே இல்லை! நம்ம நாட்டுல பொண்டாட்டியோட அடையாள அட்டையில பொறந்த வீட்டுப் பேருதானே. இன்னிக்கும் மருந்துக்கடையில, தபாலாபீஸ்ல, எல்லா இடத்துலயும் நான் ரோஸ்ஸி நெரீனா. அந்தப் பேரும் அதோட வர்ற ஊர்ச் சிரிப்பும் அவங்களுக்குத்தான். அப்பனுக்கும் மகனுக்கும்.

அன்னிக்கு விட்டிருந்தா என் பேரன் இன்னிக்கு கம்பீரமா ஒரு காம்பானி. பியானோராக்காரன்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டான். எனக்குத் தெரியாதா? தெரியும். சும்மா இரு.

லிஃப்ட் சத்தம் கேக்குது. அவங்கதான்... என்னது, மூணு பேருமா வராங்க? ஓரெஸ்தே காப்பி குடிக்கன்னுதானே போனாரு?

மிர்கோ! பதிஞ்சாச்சா? என்னன்னு பதிஞ்ச? ...பெத்ரெல்லி. சரி, முன்னால பெத்ரெல்லி. போகட்டும், சம்பந்திக்கு வாய் அடையும். பின்னால? ...பின்னால என்னடா? ...பெத்ரெல்லி மட்டுமா?

இலாரியா! நீ நினைச்சதை சாதிச்சுட்ட இல்ல! குளிக்கப் போறேன்னு போய்... என்னது? ரெண்டும் போட்டுக்கலாம்னு நீயே சொன்னியா? மேஜை முன்னால நின்னப்ப உனக்கே மனசு கேக்கலையா? அப்புறம் யாரு வேணாம்னது?

ஏன்டா உங்கப்பாவைப் பார்க்கிற?

ஏங்க. நீங்களா?

சத்தமாச் சொல்லுங்க. இத்தனை வருஷமா முணுமுணுத்தது போதும். என்ன? "பேர் சொல்ற இடத்துலயெல்லாம் அவங்க சிரிக்கிறதுக்கு முன்னால நானே சிரிச்சுக் காட்டிடுவேன், நெரீனா. இவனாவது சிரிக்காம தன் பேரைச் சொல்லட்டும்"ங்கிறீங்களா?

...

அதை ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? சொன்னீங்களா? எப்போ?

...ஆமா. சொன்னீங்க. நான்தான்.

ஏம்மா, நீயே சொல்லு, அந்த வயசுல நான்... எங்க அவ? ரொட்டியைப் பாதியில வச்சுட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எந்தப் பக்கம் போனா? மிர்கோ, இந்தக் கட்டில்ல இருந்த பொண்ணு பேரு என்னடா? இலாரியா, உனக்காவது தெரியுமா? இவ்வளவு நேரம் பேசினேன்... கேக்கவே இல்லையே நான்.