கருப்பையாவுக்கு எட்டாத செய்தி

அவைக்குத் தலைமையேற்று, கழுத்தில் மாலையோடு வீற்றிருக்கும் செல்லையா கங்காணியார் அவர்களே! அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும், தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி கிரகரி அவர்களே! ஆன்றவிந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பள்ளிக்கூட வாத்தியார் ராஜநாயகத்தின் பணிவான வணக்கம்.

நாளை மறுநாள் புது வருடம். போகிற வருடத்தில் உலகத்தில் நடந்ததைச் சொல் என்று எனக்கு உத்தரவு. எந்த வருடம்? ஜப்பான்காரன் கணக்கில் இது இரண்டாயிரத்து அறுநூற்றைந்து! வருடத்தை அள்ளிக் கொடுத்தான், அரிசியைத்தான் கொடுக்கவில்லை. நான் நம் கணக்கிலேயே பேசுகிறேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து.

மே மாதம் ஜெர்மனி வீழ்ந்தது. மாநகரங்கள் மண்ணாயின, மார்தட்டியவர்கள் மாய்ந்தார்கள். அன்று நாம் என்ன செய்தோம்? தேயிலையைப் பிடுங்கிய இடத்தில் மரவள்ளி நட்டோம். ஆகஸ்டில் ஜப்பான் நாட்டில் ஒரே குண்டு, ஒரு பட்டணமே போயிற்று. மூன்றாம் நாள் இன்னொன்று. செத்தவர்களில் பச்சைக் குழந்தைகளும் உண்டு, அதற்குக் கை தட்டாதீர்கள். மாத நடுவில் ஜப்பான் சரணடைந்தது. நமக்குத் தெரிந்ததா? அப்போதும் மரவள்ளிதான்! லோரி ஓட்டி வந்த தங்கராஜுதான் சொன்னான், "சண்டை முடிஞ்சு ரெண்டு வாரமாச்சுலா! இன்னும் எதுக்கு வெட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று. என்ன ருக்குமணி, சிரிக்கிறாய்? மண்வெட்டியைப் போட்டுவிட்டு நீயும்தான் அழுதாய். அக்டோபரில் உலக நாடுகள் ஒன்றுகூடிச் சங்கம் கண்டன. இப்போது டில்லிக் கோட்டையில், வெள்ளைக்காரனை எதிர்த்துப் போரிட்ட நம் பட்டாளத்துப் பிள்ளைகள்மேல் வழக்கு நடக்கிறது.

இதில் ஒன்றையும் அறியாதவன் ஒருவன் இருக்கிறான். கம்போங் ராஜா ஊருக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிறான். நம் கருப்பையா!

பின்னால் யாரது? "செத்திருப்பான்" என்றா சொன்னாய்? சாகவில்லை ஐயா! அவன் மனைவி மணியம்மா காட்டோரப் பாறைமேல் சட்டியில் வைக்கும் கிழங்கும் உப்பும் விடிந்தால் இல்லை. சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. எந்தக் குரங்கு சட்டி கழுவும்? ஆனால் இந்த வாரம் பாதிக் கிழங்கு மிச்சம். காட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்கிறதாம். இனியும் விட்டால் பிணத்தைத்தான் தூக்கி வருவோம்.

ஏன் அவன் வரவில்லை? சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது நம் ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். காட்டோரத்தில் தப்பட்டை அடித்து, "பயமில்ல, ஆள் புடிக்கிறத நிறுத்தியாச்சு, வாங்கடா!" என்று ஒரு குரல் கூப்பிட்டது. நம்பி வந்தவர்களை லோரியில் ஏற்றினார்கள். ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. கருப்பையா மறைவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். இன்று நாமும் அதே இடத்தில் தப்பட்டை அடித்து, "சண்டை முடிஞ்சது, வா" என்கிறோம். வருவானா? மணியம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவள் முதுகில் துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்பான்? நானாயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அன்று கூப்பிட்ட குரல் யாருடையது? உஷ்! கூச்சல் வேண்டாம். தலைவர் அவர்களே, அது தங்கள் குரல். தங்கள் கழுத்தில் கத்தி இருந்தது, அறிவேன். இங்கே பஞ்சாயத்துப் பேச நான் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பாறையடிக்கு வந்து, "ஜப்பான்காரனுக்குப் பயந்து உங்ககிட்டப் பொய் சொன்னேன்டா" என்று உரக்கச் சொல்வீர்களா? ஜப்பான்காரன் பக்கத்தில் நிற்கும்போது எவனாவது அப்படிக் கத்துவானா? அந்த ஒரு வார்த்தை போதும், ஜப்பான்காரன் போய்விட்டான் என்று கருப்பையாவுக்கு விளங்கிவிடும். எங்களில் யார் சொன்னாலும் எடுபடாது. தாங்கள் சொன்னால்தான் அவன் பிழைப்பான்.

தலைவர் எழுகிறார். மாலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். ஐயா, சத்தமாகச் சொல்லுங்கள், சபையும் கேட்கட்டும்.

"வாத்தியாரே, பேச்ச முடிங்க. இருட்டுறதுக்குள்ள பாறையடிக்குப் போயிறணும்."

முடித்துவிட்டேன்! மணியம்மா, எழுந்திரு தாயே, முன்னால் நட. கேட்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.