திரைக்கு முன்னால் தூக்கிய கை

ஆடுகிற நாற்காலியில் ஆடாமல் அமர்ந்து, ஆட்சியில் இருப்பவர்களுக்கும் வாய்க்காத அருங்கலையை நிகழ்த்திக்கொண்டிருக்கும் பெற்றோர் கழகத் தலைவர், அச்சகத்து அண்ணன் அவர்களே! பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமலே வந்து கடைசி வரிசையில் நிற்கும் ஓட்டுநர் தம்பி அவர்களே! தைக்கிற துணியைப் பாதியில் விட்டு, தலைமுடியில் நூல் ஒட்டியபடி வந்திருக்கும் தையற்கடைத் தாயே! மற்றுமுள்ள மூத்தோரே, முன்னோடிகளே, கடலெனத் திரண்டிருக்கும் மக்களே! ஆம், கடல்தான். சில அலைகள் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை, அவ்வளவே. உங்கள் அனைவரையும் இப்பள்ளியின் கடைசி ஆசிரியன் வணங்குகிறேன்.

“சார், சுருக்கமா முடிங்க! வண்டி ஓடிக்கிட்டு இருக்கு!”

ஓட்டுநர் தம்பி, நாடே அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கிறது? நின்ற இடத்திலேயே! கொஞ்சம் பொறுங்கள்.

இன்று நீங்கள் கை தூக்கித் தீர்மானிக்கப் போவது ஒன்றே ஒன்று. தலைநகரிலிருந்து திரையில் வரும் பாடமே போதும், ஆசிரியர் தேவையில்லை என்கிறது புதிய கல்வித் திட்டம். சரி என்று கை தூக்கினால் நாளை முதல் திரை மட்டும் இங்கே இருக்கும். நான் இருக்க மாட்டேன்.

ஆசிரியனுக்கு அரசியல் பேச்சு எதற்கு என்பார்கள். பேசித்தான் பார்த்தேன். எங்கள் ஆசிரியர் அறையில் மூன்று நாற்காலிகள். இருவரை மாற்றலில் அனுப்பிவிட்டார்கள். மிஞ்சிய நான் என்ன செய்வேன்? ஆளுங்கட்சி நாற்காலியில் அமர்ந்து அண்டம் அதிர முழங்குவேன். எழுந்துபோய் எதிர்க்கட்சி நாற்காலியில் அமர்ந்து என்னையே கிழி கிழியென்று கிழிப்பேன். ஒருநாள் விவாதம் முற்றி வெளிநடப்பே செய்துவிட்டேன். வராந்தாவில் நெடுநேரம் நின்றேன். சமாதானம் சொல்லி உள்ளே அழைக்க ஆளில்லை. பிறகு நானே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

அந்தத் திரையில் வருகிறாரே ஓர் அம்மையார், அடடா! அவர் பாடம் நடத்தினால் பெருக்கல் வாய்ப்பாடே எழுந்து நின்று பாட்டுப் பாடும். என்னைவிட ஆயிரம் மடங்கு மேல். மாலையில் அவர், “மீண்டும் சந்திப்போம்” என்று கைகூப்புவார். நானும், “சரிங்க டீச்சர், பத்திரமா போய்ட்டு வாங்க” என்பேன். திரை அணைந்ததும் அதில் தெரிவது என் முகம்தான். அன்றைய நாளில் என்னிடம் விடைபெற்ற ஒரே ஆள் அவர் என்பதால், அந்த மரியாதையை நான் விடுவதில்லை.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம். பாடம் முடிந்ததும், “புரிந்ததா, குழந்தைகளே?” என்பார். ஒரு மூச்சு விடுவார். “மிக நன்று!” என்பார். ஆகா, என்ன வேகம்! மின்னல்கூட அவர் முன்னால் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும்.

தையற்கடைத் தாயின் மகளுக்கு இப்பள்ளியில் பெயர் ‘கேள்விக்குறி’. “பூஜ்யம்னா ஒண்ணுமே இல்லைன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு சார் அதை எழுதிக் காட்டுறோம்?” என்று கேட்டு என் மதிய உணவை இறங்கவிடாமல் செய்தவள். அவள் ஒருநாள் திரையைப் பார்த்துக் கை தூக்கினாள். பாடம் ஓடும்போது நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரை பேசிக்கொண்டே போயிற்று. கை வலித்தது போலும், இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். “புரிந்ததா? மிக நன்று!” கை இறங்கிவிட்டது.

ஓடிப்போய்க் கேட்டேன்: “என்னம்மா சந்தேகம்? எங்கிட்ட கேளு.”

“இல்ல சார். அவங்களே நல்லதுன்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்குப் புரிஞ்சிருக்கும் போல.”

அதன்பிறகு அவள் கை தூக்கவே இல்லை.

மறுநாள் மனசு கேட்காமல் அவள் இடத்துக்குப் பக்கத்திலேயே குறுகி உட்கார்ந்து, நானும் திரையை நோக்கிக் கை தூக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி உள்ளே வந்தார்!

“சார், என்ன பண்றீங்க?”

“சந்தேகம் கேக்குறேங்க.”

“யார்கிட்ட?”

“எனக்கும் அதாங்க சந்தேகம்.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் பெஞ்சின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். “எங்க கூட்டமும் திரையிலதான் சார் நடக்குது. எங்க மைக்கை மேல இருக்கறவங்களே மூடி வெச்சுடுவாங்க. நானும் ரெண்டு தடவை கை தூக்கிப் பார்த்தேன்” என்றார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதுதான் என் அரசியல், இதுதான் என் கல்விக் கொள்கை! மாணவி திரையைப் பார்க்கிறாள், அதிகாரி திரையைப் பார்க்கிறார், நாம் மேடையைப் பார்க்கிறோம். “வளர்ச்சி வேண்டுமா?” என்று முழங்குகிறார்கள். எந்த வளர்ச்சி, யாருக்கு என்று கேட்க நாம் மூச்சு இழுக்கிறோம். அதற்குள் “நன்றி!” என்று கார் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தொண்டைக்குள் நின்றுபோன கேள்விகளை எல்லாம் ஊதிவிட்டால் இமயமே இரண்டடி தள்ளி உட்காராதா? எந்தக் கட்சியைச் சொல்கிறேன் என்று முணுமுணுக்கிறீர்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்கும் கட்சி ஒன்றைக் காட்டுங்கள், அதன் கொடியைச் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன். தையற்கடைத் தாய் இப்போதே அளவெடுக்கலாம்!

திரையை உடைக்கச் சொல்லவில்லை நான். அது இருக்கட்டும். ஒரு கை உயர்ந்தால் பார்ப்பதற்கு, அதன் அருகில் ஒரு மனிதனும் இருக்கட்டும். அது நானாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. வேறு யாரானாலும் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறேன்.

தலைவர் அவர்கள் தீர்மானத்தைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணே, கொஞ்சம் கீழே வையுங்கள். முதலில் நான் ஒன்று கேட்கிறேன். மக்களே, புரிந்ததா?

நான் ‘மிக நன்று’ சொல்லப் போவதில்லை. காத்திருக்கிறேன்.

காத்திருக்கிறேன்.

ஓட்டுநர் தம்பி வெளியே போகிறாரே... போகட்டும், அவருக்கு நேரமாகிறது. ஓகோ! இன்ஜினை அணைக்கவா போனீர்கள்? வாருங்கள், வாருங்கள். எவ்வளவு அமைதி! இப்போது மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கிறது.

அதோ, தையற்கடைத் தாயின் பக்கத்தில் ஒரு கை. இன்னொரு கை முழங்கையைத் தாங்கியிருக்கிறது.

தலைவர் அவர்களே, அவசரப்பட்டு அதைத் தீர்மானத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது ஓட்டுப் போடும் கையில்லை, சந்தேகம் கேட்கும் கை. ஒலிபெருக்கித் தம்பி, மைக்கைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். நீங்கள் என்னை வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பினாலும் சரி, அவள் கேட்டு முடித்த பிறகு கை தூக்குங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், இன்ஜினை அணைத்த தம்பிக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

கேளும்மா. அவசரமே இல்லை.